கைப்பிடிக்கு இரண்டு துளை

அலமாரிக் கதவில் கைப்பிடி மாட்ட என்ன படிப்பு வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் தச்சு வேலைக்குப் போன அப்பா, "நாலு இஞ்ச்தானே" என்று டேப்பில் குறித்துத் துளை போட்டார். ஸ்குரூ ஏறவில்லை. கதவுக்கான காசு கூலியில் பிடிபட்டது.

காரணம் இதுதான்: அது 96 மி.மீ. கைப்பிடி. நாலு அங்குலம் என்பது 101.6 மி.மீ. இன்றைய கைப்பிடிகள் பெரும்பாலும் 32-இன் மடங்கில் வருகின்றன: 64, 96, 128. முழு நீளத்தை அளக்கக் கூடாது. துளை மையத்திலிருந்து துளை மையம் வரை அளக்க வேண்டும். கதவில் கீலுக்கு எதிர் ஓரம், டிராயரில் நடுக்கோடு.

பிளைவுட் துண்டில் அந்த இரு துளையைப் போட்டு ஓர் அச்சு செய்தேன். எல்லாக் கதவுக்கும் அதை வைத்தே குறிக்கலாம். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா கூலி தப்பிச்சிருக்கும்டா" என்றார். இப்போது அது அவர் பையில்தான் இருக்கிறது.