கிளைடரை இழுத்துச் செல்லும் விமானி

கிளைடர் என்பது இயந்திரமில்லா விமானம். ஏறுகாற்றைத் துணைக்கொண்டு பருந்துபோல மணிக்கணக்காக வானில் உலவ வல்லதாயினும், தரையைவிட்டுத் தானே எழும் ஆற்றல் பெரும்பாலான கிளைடர்களுக்கு இல்லை. ஆகவே இயந்திர விமானமொன்று ஏறக்குறைய 200 அடி நீளமான கயிற்றினால் அதனைப் பிணித்து, 2000 அல்லது 3000 அடி உயரத்துக்கு இழுத்துச் சென்று விடுகின்றது. கிளைடரிற் சென்றவனைப் பலர் புகழ்வர். அவனை ஏற்றிவிட்டவனை நினைப்பார் சிலரே. பறத்தலிற் சிறிதளவே அனுபவமுள்ள ஒருவன் இப்பணியை ஏற்றல் தகுமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விதிகளை எடுத்துக்கொள்வோம். அங்கு ஊதியத்துக்குப் பறக்கும் உரிமம் இதற்கு வேண்டியதில்லை. தனியார் விமானி உரிமமே போதும். ஆனால் அவ்வகை விமானத்திலே தலைமை விமானியாக 100 மணித்தியாலமாவது பறந்திருத்தல் வேண்டும். போதனாசிரியரிடம் தரையிலும் வானிலும் பயின்று, பறப்புக் குறிப்பேட்டில் அவர் கையொப்பத்தைப் பெறல் வேண்டும். தகுதிவாய்ந்த விமானி ஒருவர் உடனிருக்க, மூன்று முறையேனும் கிளைடரை இழுத்தோ, இழுப்பது போலப் பறந்தோ காட்டுதலும் வேண்டும். வாரம் ஒரு மணித்தியாலம் பறப்பவனுக்கு இந்த 100 மணித்தியாலம் ஏறக்குறைய இரண்டாண்டுப் பழக்கமேயாம். இதனாற்றான் கழகங்கள் பல இதனினும் மிகுதியான அனுபவத்தைக் கேட்கின்றன.

இழுவைக்குப் பெரிதும் பயன்படும் பைப்பர் போனி, பயிர்களுக்கு மருந்து தெளிப்பதற்கென ஆக்கப்பட்டது. அதில் இருக்கை ஒன்றே. போதனாசிரியர் உடனமர இடமில்லாமையால், புதியவன் முதலிற் சூப்பர் கப் போன்ற ஈரிருக்கை விமானத்திற் பயிலுதல் நலம். இரண்டும் வாலிற் சக்கரமுடையவை. தரையில் ஓடும்போதே கவனமின்றேல் திசைமாறிச் சுழல்வன.

இனி, இப்பணியின் தலையாய ஆபத்தைக் கூறுவாம். பின்வரும் கிளைடர் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டால், கயிறு இழுவை விமானத்தின் வாலை மேலே தூக்கும். மூக்கு நிலத்தை நோக்கிக் கவிழும். இது நிகழ இரண்டொரு வினாடி போதும். தரைக்கு அண்மையில் நேர்ந்தால் மீளுதல் அரிது. அவ்வேளை செய்யத்தக்கது ஒன்றே: கயிற்றை உடனே விடுவித்தல். கயிறு மேனோக்கி இழுபடுங்கால் சிலவகைக் கொக்கிகள் இறுகித் திறக்க மறுப்பதும் உண்டு. ஆதலின் தாமதம் பொறுக்கலாகாது. பின்னால் வருபவன் என் செய்வான் என்று தயங்கும் இளம் விமானி, தன்னுயிரையே இழக்க நேரும். விடுபட்ட கிளைடர் மிதந்து இறங்க வல்லது. கவிழ்ந்த இழுவை விமானத்துக்கோ அவ்வாய்ப்பில்லை. எனவே விடுவிக்கும் பிடியைக் கண்ணாற் பாராமலே கை அறிந்திருத்தல் வேண்டும்.

சைகைகளையும் மாறாட்டமின்றி அறிதல் வேண்டும். இழுவை விமானி இறக்கைகளை இருபுறமும் அசைத்தால், "உடனே கயிற்றை விடு" என்பது பொருள். வாற்சுக்கானை மட்டும் இடவலமாக ஆட்டினால், "உன் வேகத்தடைகள் திறந்துள்ளனவா என்று பார்" என்பது பொருள். வேகத்தடை திறந்த கிளைடருக்கு முதலாவது சைகையைத் தவறிக் காட்டினால், அது தாழ்வான உயரத்திலே தனித்துவிடப்பட்டு விரைந்து வீழும். ஒரு சைகையின் பிழை ஓர் உயிரின் விலையாகலாம்.

கிளைடர் பிரிந்த பின்னரும் கடமை முடிந்ததன்று. இயந்திரத்தின் வலுவைத் திடீரெனக் குறைத்தால், சூடேறிய உருளைகள் விரைந்து குளிர்ந்து வெடிப்புறலாம். ஆகவே படிப்படியாகவே குறைத்து இறங்க வேண்டும். தொங்கும் கயிறு வேலியிலோ மின்கம்பியிலோ சிக்காவண்ணம், தரையிறங்குங்கால் சற்று உயரமாகவே வரல் வேண்டும்.

இப்பணியை விரும்பும் இளைஞர் கிளைடரிலும் சிலமுறை பறந்து பழகுதல் நன்று. கயிற்றின் மறுமுனையில் இருப்பவனுடைய இடர் அப்போதுதான் விளங்கும். காற்று அடங்கிய நாள்களிலே தொடங்குக. ஐயம் எழுமிடத்து, "இன்று இழுக்கேன்" என்று சொல்ல அஞ்சற்க. அனுபவம் குறைந்தவன் இழுத்தலாகாது என்று நாம் கூறவில்லை. தன் குறைவை அறியாதவன் இழுத்தலாகாது என்றே கூறுகின்றோம்.