சாயப் பட்டறையிலிருந்து ஒரு விஞ்ஞானி

மின்சாரம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கடந்து செல்லும் என்று முதலில் நிரூபித்தவர் யார் தெரியுமா? இங்கிலாந்தின் கான்டர்பரி நகரில் துணிக்குச் சாயம் போட்டுப் பிழைத்த ஸ்டீபன் கிரே.

1729ஆம் ஆண்டு. தூசி புகாமலிருக்கக் கண்ணாடிக் குழாயின் வாயைத் தக்கையால் அடைத்துவிட்டு, குழாயைக் கையால் தேய்த்தார் கிரே. பக்கத்தில் பிடித்த இறகு, தேய்த்த குழாயை விட்டுவிட்டு, தேய்க்காத தக்கையை நோக்கி ஈர்க்கப்பட்டது! உடனே தக்கையில் குச்சியைச் செருகினார். பிறகு நீண்ட கயிற்றைக் கட்டினார். கயிற்றின் மறுமுனையில் தொங்கிய தந்தப் பந்தும் மெல்லிய பித்தளைத் தகட்டை இழுத்தது.

நண்பர் வீலருடன் சேர்ந்து அந்தக் கயிற்றைப் பட்டு நூலில் தொங்கவிட்டபோது சோதனை பலித்தது. பட்டு நூல் அறுந்ததும் பித்தளைக் கம்பியை மாட்டினார்கள். மின்சாரம் கம்பி வழியே கசிந்து போயிற்று. மின்கடத்தி எது, கடத்தாப் பொருள் எது என்ற வேறுபாடு அங்கேதான் புலப்பட்டது.

முதுமையில் வறியோர் இல்லத்தில் வாழ்ந்த இந்த எளிய மனிதருக்குத்தான், ராயல் சொசைட்டி தன் முதல் கோப்ளி பதக்கத்தை 1731இல் வழங்கியது.