எங்கிருந்து சொட்டுகிறது?

மாத்தளைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் வெந்நீர் என்றால் விறகடுப்பில் ஏற்றிய பானைதான். பானையில் ஓட்டை விழுந்தால் அடுப்பே அணைந்து காட்டிக்கொடுத்துவிடும். சுவரில் தொங்கும் கீசர் அப்படியல்ல. உள்ளுக்குள் ஒழுகிக்கொண்டே அது கரண்டையும் குடித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சுவரில் பூஞ்சணம் பூத்திருக்கும்.

“சும்மா சொட்டுதுதானே, பார்த்துக்கலாம்” என்பது பெரும்பாலான வீடுகளில் கேட்கும் பதில். நொடிக்கு ஒரு துளி என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 4 லீற்றருக்கு மேல் போகிறது. சூடான பக்கத்திலிருந்து சொட்டினால் கூடவே மாதம் 6 அலகு மின்சாரமும் தரையில் ஊற்றப்படுகிறது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறிய நாடு இது. பிறகு கட்டணம் குறைந்தும் கூடியும் வந்தாலும், அந்த இரண்டு பில்களையும் யாரும் மறக்கவில்லை.

மாத்தளை மாவட்டத்துக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இறத்தோட்டை வழியாக ஏறினால் ரிவஸ்டன் பக்கம் சுமார் 1,400 மீற்றர் உயரம். மாத்தளை நகரம் 360 மீற்றரை ஒட்டியது. தம்புள்ளை 200 மீற்றருக்கும் கீழே. மேலே மூடுபனியும் ஊற்றுநீரும், கீழே வெயிலும் கிணற்றுநீரும். ஒரே கடையில் வாங்கிய ஒரே கீசர், மேட்டு வீட்டில் ஒரு விதமாகவும் சமவெளி வீட்டில் வேறு விதமாகவும் பழுதாகிறது. ஆகவே ஒழுகும் கீசரைக் கண்டதும் கேட்கவேண்டிய கேள்வி, எவ்வளவு ஒழுகுகிறது என்பதல்ல. எங்கிருந்து ஒழுகுகிறது என்பதுதான்.

அதைப் பார்ப்பதற்கு முன் செய்யவேண்டியவை மூன்று. முதலில் மின்சாரத்தை நிறுத்தவேண்டும்; குளியலறையில் ஈரக்கையோடு சுவிட்சைத் தட்டுவதல்ல, மின்பெட்டியில் கீசருக்கான பிரேக்கரை இறக்குவது. அடுத்து, கீசருக்குள் குளிர்நீர் போகும் குழாயின் வால்வை மூடவேண்டும். கடைசியாக வெந்நீர்க் குழாயைச் சற்றுத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் அழுத்தம் இறங்கும். தாங்கி ஆறும்வரை மூடியைக் கழற்றக்கூடாது. 60 பாகை சூட்டில் உள்ள நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்றால் அதைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது ஆபத்து. 2,000 வொட் கீசர் 230 வோல்ற்றில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கிறது. வீட்டு ட்ரிப் சுவிட்ச் பொதுவாக 0.03 அம்பியர், அதாவது அதில் முந்நூறில் ஒரு பங்கு கசிந்தாலே விழும்படி அமைந்தது. அது விழுகிறதென்றால் எங்கோ கரண்ட் வழிதவறி ஓடுகிறது. சூடாக்கும் கம்பியின் உறை வெடித்து நீரோடு தொடர்பு கொண்டிருக்கலாம். அந்த நீரில்தான் வெறுங்காலோடு ஒருவர் குளிக்கப் போகிறார்.

மின்சாரம் நின்ற பிறகு ஒரு காய்ந்த துணியால் கீசர் முழுவதையும் துடைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயை மூடி, குளிர்நீர் வால்வை மட்டும் மறுபடி திறந்து, சில நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நீர் நான்கில் ஓர் இடத்திலிருந்துதான் வரும்.

முதலாவது, குழாய் பொருத்துகள். இதுதான் மிகச் சாதாரணமானது, மலிவானதும்கூட. வொஷர் தேய்ந்திருக்கும், அல்லது டெப்லோன் டேப் நழுவியிருக்கும். ஆனால் வெந்நீர் வெளியேறும் பக்கத்தில் குளிர்நீருக்கான சாதாரண பிவிசி குழாயைப் பொருத்தியிருந்தால் எத்தனை டேப் சுற்றியும் பலனில்லை. அந்தக் குழாயின் மீது எழுதியிருக்கும் அழுத்த அளவு அறை வெப்பநிலைக்கானது. நீர் 60 பாகையை நெருங்கும்போது குழாயே இளகத் தொடங்கும். வெந்நீருக்கென்று சிபிவிசி, பிபிஆர் குழாய்கள் ஹார்ட்வெயார் கடைகளில் தனியாகக் கிடைக்கின்றன.

இரண்டாவது, பாதுகாப்பு வால்வு. குளிர்நீர் நுழையும் இடத்தில் சிறு கைப்பிடியோடு இருக்கும் பித்தளைத் துண்டு இது. இது சொட்டுவது பலரையும் பயமுறுத்துகிறது, தேவையில்லாமல். நீர் சூடானால் விரியும். 15 லீற்றர் நீர் 25 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏறும்போது 200 மில்லிலீற்றருக்குச் சற்று மேல் கூடுகிறது. ஒரு தேநீர்க் குவளை அளவு. வந்த வழியே திரும்பிப்போக வால்வு விடாது, ஏனென்றால் நீர்வெட்டின்போது தாங்கி காலியாகிவிடாமல் தடுப்பதும் அதே வால்வுதான். ஆகவே மிகுதி நீர் சொட்டாக வெளியேறுகிறது. சூடேறும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

மூன்றாவது, அடிமூடிக்குள்ளிருந்து வருவது. சூடாக்கும் கம்பி தாங்கிக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அது காய்ந்து வெடித்தால் நீர் வயர்கள் மீதே வழியும். வளையம் அற்ப விலைதான். ஆனால் இதில் வீட்டுக்காரர் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

நான்காவது, தாங்கியின் உடம்பிலிருந்தே துருநிறத்தில் கசிவது. இதற்கு ஒட்டுவதோ வெல்டிங் வைப்பதோ உதவாது. புதிய கீசர்தான்.

மலையில் இருக்கும் வீடுகளின் கதை பெரும்பாலும் இரண்டாவது இடத்தில் தொடங்குகிறது. எல்கடுவ, இறத்தோட்டை, லக்கல பக்கங்களில் ஊற்றையோ ஓடையையோ மேலே மறித்து, ஒரு சிறு தாங்கியில் சேர்த்து, குழாய் வழியாகச் சரிவில் இறக்குவது வழக்கம். மோட்டர் வேண்டாம், பில்லும் இல்லை. ஆனால் நீரின் கணக்கு எளிமையானது. ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்துக்கும் 1 பார் அழுத்தம் கூடும். மேல் தாங்கி வீட்டைவிட 70 மீற்றர் உயரத்தில் இருந்தால் குழாயில் 7 பார். வீட்டுக் கீசர்களும் அவற்றின் வால்வுகளும் ஏறக்குறைய அந்த எல்லைக்குத்தான் செய்யப்பட்டவை. பகலில் ஊரே குழாய் திறந்திருக்கும்போது அழுத்தம் தணிந்திருக்கும். இரவில் எல்லோரும் மூடிய பிறகு முழுப் பாரமும் வந்து நிற்கும். “ராத்திரியில மட்டும் ஒழுகுது” என்று மலைவீட்டார் சொல்வதில் மர்மம் ஒன்றும் இல்லை.

இங்கே வால்வை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு. ஊற்றுநீரை நேராகக் கீசருக்குக் கொடுக்காமல், வீட்டுக் கூரைமேல் ஒரு தாங்கியில் விழவிட்டு அங்கிருந்து எடுத்தால் 3 மீற்றர் உயரத்துக்கு வெறும் 0.3 பார்தான் இருக்கும். அதற்கு இடமில்லாத வீட்டில் அழுத்தம் குறைக்கும் வால்வு பொருத்தலாம்.

கலேவெல, தம்புள்ளை, வில்கமுவ பக்கம் இறங்கினால் எதிரி மாறிவிடுகிறது. உலர்வலயக் கிணற்றுநீரில் கல்சியமும் மக்னீசியமும் அதிகம். பாடசாலை விஞ்ஞானப் புத்தகம் இதை வன்னீர் என்கிறது. சிங்கள அயலவர்கள் கிவுல் என்பார்கள். சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் படியும். அதே படலம் கீசருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கட்டியாகிறது. வெப்பம் படும்போது நீரில் கரைந்திருக்கும் இருகாபனேற்று உடைந்து சுண்ணாம்பாக மாறி, மிகச் சூடான இடத்தில், அதாவது கம்பியின் மீதே ஒட்டுகிறது. சுண்ணாம்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பி தன்னையே வறுத்துக்கொள்கிறது, நீர் தாமதமாகச் சூடாகிறது, உள்ளே சோளம் பொரிவதுபோல் சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல மாதம் கழித்துத்தான் மூடிக்குள்ளிருந்து நீர் எட்டிப் பார்க்கும். குடிப்பதற்கு வடிகட்டிய நீர் வாங்கும் வீடுகளிலும் குளியலறைக்குப் போவது அதே கிணற்றுநீர்தான். வெப்பநிலையைக் கடைசி எல்லையில் வைக்காமல் 55 பாகையை ஒட்டி வைப்பதும், ஆண்டுக்கொருமுறை கம்பியைக் கழற்றிச் சுண்ணாம்பை நீக்குவதும் அங்கே ஆடம்பரமல்ல.

தாங்கி ஓட்டையாகாமல் காப்பது, பலரும் பார்த்தேயிராத ஒரு கம்பி. எனாமல் பூசிய எஃகுத் தாங்கிகளுக்குள் ஒரு மக்னீசியக் கோல் தொங்குகிறது. அரிப்பு எஃகைத் தின்பதற்குப் பதிலாக இதைத் தின்னும். கப்பலின் செப்புத் தகடுகளைக் காக்க இன்னோர் உலோகத்தைப் பலிகொடுக்கலாம் என்று 1824இல் பிரித்தானியக் கடற்படைக்குச் சொன்னவர் ஹம்ப்ரி டேவி. அதே யோசனைதான் இன்று குளியலறைச் சுவரில் தொங்குகிறது. கோல் கரைந்து முடிந்தால் அடுத்த பலி தாங்கி. ஓரிரு ஆண்டுக்கொருமுறை அதைக் கழற்றிப் பார்த்து மாற்றினால் தாங்கியின் ஆயுள் பல ஆண்டுகள் நீளும். வாங்கிய நாளிலிருந்து அந்தக் கோலைத் தொடாமலே, துருநீர் வந்த பிறகு கீசரைக் குறைசொல்லும் வீடுகள்தான் அதிகம்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. சொட்டுகிறதே என்று பாதுகாப்பு வால்வின் வாயை ஆப்பு வைத்து அடைப்பது. கீசர் என்ற பெயரே ஐஸ்லாந்தில் நீரைப் பீச்சியடித்த கெய்சிர் என்ற ஊற்றிலிருந்து வந்தது. திருகோணமலைக் கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் அமைதியாகக் கிடக்கின்றன. கெய்சிர் போன்ற ஊற்றுகளில் நிலத்தடியில் அழுத்தம் சேர்ந்து நீர் வெடித்து எழுகிறது. வீட்டுத் தாங்கிக்குள் வெப்பக் கட்டுப்பாடும் பழுதாகி வால்வும் அடைபட்டால் கெய்சிரின் கதைதான் நடக்கும். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். 1982 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து ஸ்பென்சரில், ஸ்டார் ஆரம்பப் பாடசாலையின் வெந்நீர்த் தாங்கி வெடித்து 7 பேர் இறந்தார்கள்.

குழாய் வேலை செய்யும் பாஸைக் கூப்பிடுவதற்கு முன், ஒழுகும் இடம் பாதுகாப்பு வால்வுதான் என்றால், ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தல் போதும். குளிர்நீர் வால்வைத் திறந்து, பிரேக்கரை ஏற்றி, பாதுகாப்பு வால்வின் வாய்க்குக் கீழே போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, இரவில் ஒருமுறை மட்டும் கீசரைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, குழாயைத் திறக்காமல் விடவேண்டும். விடிந்து பார்க்கையில் 15 லீற்றர் கீசருக்கு ஒரு குவளை அளவு இருந்தால் அது நீர் விரிந்த கணக்கு. போத்தல் நிரம்பி வழிந்திருந்தால் மேலிருந்து இறங்கும் குழாயின் அழுத்தத்தை அளக்கவேண்டும், அல்லது வால்வைக் கழுவியோ மாற்றியோ பார்க்கவேண்டும். எது என்று போனிலேயே சொல்லிவிட்டால், பாஸ் வரும்போதே சரியான சாமானைக் கொண்டு வருவார்.