இருபத்தொரு வயது முதியவர்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சிடும் அச்சகம் ஒன்றில் அண்மையில் சிறிது நேரம் காத்திருக்க நேர்ந்தது. அங்குப் பணிபுரியும் இளைஞர் ஒருவர், கைப்பேசியில் 'ஆண் பாவம்' (1985) படக் காட்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தந்தையாக நடித்தவரின் பெயரைக் கேட்டேன். "வி.கே.ராமசாமி" என்று உடனே பதில் வந்தது. அந்த 'வி' எதைக் குறிக்கிறது என்று கேட்டபோது பதில் இல்லை. ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் இருக்கும் விருதுநகரைத்தான் அது குறிக்கிறது.

1926-இல் விருதுநகரில் பிறந்த வி.கே.ஆர்., ஏவி.மெய்யப்பன் இயக்கிய 'நாம் இருவர்' (1947) படத்தில் அறிமுகமானார். ப.நீலகண்டன் எழுதிய நாடகத்தைத் தழுவிய படம் அது. அதில் அவர் ஏற்றது முதியவர் வேடம். அப்போது அவருக்கு வயது 21. அதன்பின் 2002-இல் மறையும்வரை அவர் பெரும்பாலும் தந்தையாகவும் மாமனாராகவும் முதலாளியாகவும் தாத்தாவாகவுமே திரையில் வாழ்ந்தார். அவருடைய இளமையைத் தமிழ்த் திரை காணவே இல்லை எனலாம்.

இருபத்தொரு வயதில் முதுமையை நம்பும்படி நடிப்பது எப்படிச் சாத்தியமாயிற்று? விடை, அவர் பயின்ற 'பாய்ஸ் கம்பெனி' நாடக மரபில் இருக்கிறது. அங்கே எல்லா வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். ஸ்திரீபார்ட், ராஜபார்ட் என ஒளிவீசிய சிறுவன், மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும் வேறு வேடங்களுக்கு நகர்த்தப்படுவான். பன்னிரண்டு வயதுப் பையன் நரைத்த தாடியுடன் இருமுவது அங்கே வியப்பன்று. இங்கிலாந்தின் சிறுநகர நாடகக் குழுக்களிலும் வாரத்துக்கு ஒரு நாடகம் என்று உழைத்து, வயதுக்கு மீறிய வேடங்களைத் தாங்கியவர்களே பின்னாளில் குணச்சித்திர நடிகர்களாகத் திரைக்கு வந்தனர். இத்தகைய பயிற்சி தோற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை; நடையையும் மூச்சையும் குரலையும் மாற்றக் கற்றுத் தருகிறது.

மற்றொன்றை அவர் எங்கள் ஊரிலிருந்து எடுத்துச் சென்றார் என்பது என் துணிபு. பருப்புக்கும் வத்தலுக்கும் எண்ணெய்க்கும் விலை நிர்ணயிக்கும் சந்தை ஊர் விருதுநகர். கடைத்திண்ணையில் கணக்குப் பார்த்தபடியே எதிரிலிருப்பவரை ஓரக்கண்ணால் எடைபோடும் முதலாளிகளை இன்றும் அங்கே காணலாம். வி.கே.ஆர். சொல்லை இழுத்து, நடுவில் நிறுத்தி, வாய்க்குள் முணுமுணுத்து முடிக்கும்போது அந்தத் திண்ணைதான் என் நினைவுக்கு வரும். 'பராசக்தி'க்குப் பின் அடுக்குமொழி வசனம் ஆட்சிசெய்த காலத்தில் இது எளிதன்று. ஏ.பி.நாகராஜனுடன் சேர்ந்து அவர் தயாரித்த 'மக்களைப் பெற்ற மகராசி' (1957), சிவாஜி கணேசனையே கொங்குத் தமிழ் பேச வைத்தது. வட்டாரப் பேச்சின் மதிப்பை அறிந்தவர் செய்யக்கூடிய துணிச்சல் அது.

'ருத்ர தாண்டவம்' (1978) படத்தில் அவர் சிவபெருமான். கம்பீரமான உடற்கட்டோ வீர வசனமோ இல்லாத சிவன்; எதிரே பூசாரியாக நாகேஷ். கடவுளும் குறைகேட்டுச் சலித்துக்கொள்ளும் வீட்டுப் பெரியவராகவே அங்கு அமர்ந்திருப்பார்.

சிவகாசி அச்சிடும் காலண்டர்களிலும் பட்டாசு லேபிள்களிலும் தெய்வங்களும் நாயக நாயகியருமே இடம்பெறுவர். என் ஐம்பதாண்டு வாழ்வில் ஒரு குணச்சித்திர நடிகரின் முகத்தை அவற்றில் நான் கண்டதில்லை. வணிகத்தில் அது இயல்புதான். ஆனால் நாயகன் பேசும் நகைச்சுவைக்கு அரங்கு சிரிப்பது, பெரும்பாலும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவரின் முகத்தைப் பார்த்தே என்பதை அந்த இளைஞருக்குச் சொல்லத் தோன்றியது. சொன்னேன். காட்சியை முதலிலிருந்து ஓடவிட்டார். இம்முறை வி.கே.ஆர். பேசாமல் நின்ற இடங்களில்தான் அவர் அதிகம் சிரித்தார்.