நகையைத் திருப்பிப் பாருங்கள்

செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா அரங்கேற்றத்துக்குப் போட்டுக்கொண்ட நாட்டிய நகை செட் பரணில் கிடக்கிறதாம். வெள்ளியில் செய்து தங்க ரேக்கு ஒட்டியது. எடைக்குப் போட்டுவிடலாமா, இதையெல்லாம் யாராவது வாங்குவார்களா என்று கேட்கிறார். அவருக்குத் தனியாகவே பதில் எழுதிவிட்டேன். ஆனால் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர் மும்பை. இன்னும் பல வீட்டுப் பரண்களில் இதே கேள்வி இருக்கும்.

நெற்றிச்சுட்டி எது, ராக்கொடி எது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தொடங்கிய 1945இலிருந்தே பம்பாய்ப் பிள்ளைகள் இங்கே சலங்கை கட்டி ஆடுகிறார்கள். கோயிலில் அம்மனுக்குச் சாத்தும் தங்க நகைகளின் வடிவத்தை வெள்ளியிலும் சிவப்புக் கெம்பிலும் மேடைக்குக் கொண்டுவந்தவை இந்த நகைகள். இந்த வேலைக்குப் பேர்போன இடம் நாகர்கோவிலிலுள்ள வடசேரி. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எனக்கு இதில் பெரிய அதிசயம், கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சங்கதி. வைரத்தில் பட்டை தீட்டிய கோணங்களே ஒளியை உள்ளுக்குள் திருப்பி மேலே அனுப்பிவிடும். கெம்புக்கு அந்த வசதி இல்லை. மேல்புறம் வழவழப்பாக, உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். அப்படியே கையில் வைத்துப் பார்த்தால் மங்கலான சிவப்புக் கல்தான். அதனால் ஆசாரி வெள்ளியில் கல் உட்காரும் குழிகளைக் கட்டி, அரக்கை நிரப்பி, பளபளக்கும் மெல்லிய ரேக்கை வைத்து, அதன்மேல் கல்லைப் பதிக்கிறார். பிறகு கல்லின் விளிம்பைச் சுற்றித் தங்க ரேக்கை அழுத்தி அழுத்தி மூடுகிறார். பின்பக்கம் அடைத்த இந்த வேலையைத்தான் கடைக்காரர்கள் குளோஸ்டு செட்டிங் என்கிறார்கள். மேலிருந்து நுழையும் ஒளி கல்லைக் கடந்து ரேக்கில் பட்டு, சிவப்பை அள்ளிக்கொண்டு திரும்பி வருகிறது. எங்கள் பாட்டி வீட்டுச் சுவர் விளக்குக்குப் பின்னால் ஒரு தகரத் தட்டு இருக்கும். சின்னத் திரியின் வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்புவது அந்தத் தட்டுதான். கெம்புக்கு ரேக்கு செய்வதும் அதே வேலை.

இந்த யோசனை நமக்கு மட்டும் தோன்றியதில்லை. 18ஆம் நூற்றாண்டுப் பாரீஸில் ஸ்ட்ராஸ் என்ற நகைக்காரர் கண்ணாடிக் கற்களுக்கு அடியில் ரேக்கு வைத்து, வைரம்போல் மின்ன வைத்துப் புகழ்பெற்றார். கண்ணாடிக் கல்லை இயந்திரத்தில் பட்டை தீட்டும் முறையை 1892இல் ஸ்வரோவ்ஸ்கி கண்டுபிடித்த பிறகு, ஃபேஷன் நகை உலகமெங்கும் பரவியது. மேல்நாடுகளில் அந்தப் பழைய போலி நகைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள், நூல் எழுதுகிறார்கள், ஏலம் விடுகிறார்கள். நாம் உருக்கிவிடுகிறோம்.

ஒருமுறை ஒரு வெள்ளிக்கடையில் இது நடப்பதை நேரில் பார்த்தேன். பழைய ஒட்டியாணம் ஒன்றைத் தராசில் வைத்தார்கள். அரக்குக்கு இவ்வளவு, கல்லுக்கு இவ்வளவு என்று கழித்தார்கள். குறட்டால் கற்களைப் பெயர்த்து ஒரு டப்பாவில் கொட்டினார்கள். அந்தக் கற்களுக்குக் காசு கிடையாது, மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து செய்த வேலைக்கும் காசு கிடையாது. ஏற்கெனவே இந்த ஆசாரிகள் பட்ட அடி கொஞ்சமில்லை. 1963இல் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று விதி வந்தது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது, 1990இல்தான் நீங்கியது. இடையில் எத்தனையோ பொற்கொல்லர்கள் பட்டறையை மூடிவிட்டு வேறு பிழைப்பைத் தேடிப் போனார்கள். அந்தக் கைகளின் வேலையைக் கிலோ கணக்கில் உருக்கக் கொடுப்பதை என்னால் சரியென்று ஏற்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த ரகம் என்று பார்ப்பது எளிது. நகையைக் கவிழ்த்துப் பாருங்கள். பழைய வேலையில் பின்பக்கம் வெள்ளித் தகடு மூடியிருக்கும், கையில் கனம் தெரியும். முன்பக்கம் விரல் நுனியால் தடவினால் கல்லும் தங்கமும் ஒன்றாக வழுக்கும், நகம் மாட்டாது. மலாடு பக்கம் வார்ப்பில் செய்து வரும் இன்றைய செட்டுகளில் பின்பக்கம் குழிகுழியாகத் திறந்திருக்கும், கல் பசையில் நிற்கும். அவற்றையும் குறை சொல்லமாட்டேன். வெள்ளி செட் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் மேடையேற முடிவது அவற்றால்தான்.

பழைய செட்டைத் தண்ணீரில் கழுவவே கூடாது. ஈரம் கல்லுக்கு அடியில் இறங்கினால் ரேக்கு கறுக்கும், அதோடு கல்லும் கறுத்துப்போகும். மும்பை மழைக்காலக் காற்றே அதற்கு எதிரி. அரக்கு சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும். ஆகவே சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் அடித்து முடித்த பிறகே நகை போட வேண்டும். ஆடி முடித்ததும் வியர்வையை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும். பழசாகத் தெரிகிறதே என்று பாலிஷ் போடக் கொடுத்தால் தேய்ந்து போவது அந்தக் கையால் ஒட்டிய தங்கம்தான்.

விற்கத்தான் வேண்டுமென்றால் வெள்ளிக்கடைக்குப் போவதற்கு முன்னால் நாட்டிய ஆசிரியர்களிடம் காட்டுங்கள். செட்டைப் பிரிக்காதீர்கள். தலையில் வைக்கும் சூரியன் போய்ச் சந்திரன் மட்டும் மிஞ்சினால் வாங்குகிறவர் தயங்குவார். நூறு வருடம் தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகிவிடும். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

மாதுங்கா, செம்பூர் நாட்டியப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாணவிகள் வீட்டிலிருக்கும் பழைய செட்டுகளை ஒருநாள் கொண்டுவரச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் படம் எடுத்து, யார் செய்தது, எந்த ஊரில் வாங்கியது, யார் அரங்கேற்றத்துக்கு முதலில் போட்டது என்று பாட்டிகளைக் கேட்டு எழுதி வையுங்கள். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.