அலாஸ்காவின் வேட்டைக்களமும் அயலவர் முறையும்

வேலியும் எல்லைக்கல்லும் உள்ள நிலத்தில் அயலவர் இருவருக்கிடையே பிணக்கு மூளுமாயின், அதனைத் தீர்ப்பதற்கு உறுதியும் வரைபடமும் உண்டு. வேண்டுமானால் நீதிமன்றமும் உண்டு. வேலியே இல்லாத மலைநாட்டிலே, கேட்பார் எவருமின்றி, கையில் துவக்கோடு இருவர் எதிர்ப்படும்போது அவர்களிடையே ஒழுங்கை நிலைநிறுத்துவது யாது? ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலுள்ள அலாஸ்கா மாநிலத்தில், வேட்டைப் பருவந்தோறும் எழுகின்ற வினா இது. அதற்கு அம்மக்கள் கண்ட விடை, வேட்டையில் நாட்டமில்லாதவரும் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

அலாஸ்காவின் பரப்பு இலங்கையின் பரப்பைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேற்பட்டது. ஆயினும் 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் 7 இலட்சத்து 33 ஆயிரம் பேரே. பெருந்தெருக்கள் மிகச் சில. உள்நாட்டு மலைகளுக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கும் செல்வோர் சிறு விமானங்களையே நம்பியிருக்கின்றனர். அகன்ற சில்லுகள் பூட்டிய இவ்விமானங்கள், ஆற்றோரத்துக் கூழாங்கற் படுகைகளில் இறங்கி ஏறவல்லன. மூஸ் எனப்படும் பெருமான், கரிபு எனப்படும் பனிமான், கபிலநிறக் கரடி, வெண்ணிற டால் ஆடு என்பன அங்கு வேட்டையாடப்படும் விலங்குகளுட் சில.

இவ்விலங்குகளை நாடிச் செல்வோர் இரு வகையினர். தம் உணவுக்காகவும் மனமகிழ்ச்சிக்காகவும், தாமே வழிகண்டு, தாமே சுமை சுமந்து செல்பவர் முதல் வகையினர். இவர்களைத் தனிவேட்டைக்காரர் எனலாம். வேட்டைக்கு வருவோரிடம் ஊதியம் பெற்று, அவர்களுக்குக் கூடாரமும் உணவும் அளித்து, விலங்கு நிற்குமிடத்துக்கு அழைத்துச் செல்லும் உத்தரவுபெற்ற வழிகாட்டிகள் இரண்டாம் வகையினர். வெளிமாநிலத்து அமெரிக்கர் ஒருவர் கபிலநிறக் கரடியையோ டால் ஆட்டையோ மலையாட்டையோ வேட்டையாட விரும்பினால், வழிகாட்டி ஒருவருடனோ அலாஸ்காவில் வாழும் நெருங்கிய உறவினர் ஒருவருடனோதான் செல்லவேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். பிறநாட்டவராயின் பெருவிலங்கு எதற்கும் வழிகாட்டி வேண்டும். டால் ஆட்டு வேட்டை ஒன்றுக்கு வழிகாட்டி பெறும் கட்டணம் இந்நாளில் 20,000 டொலருக்கு மேற்படுவது வழக்கம். ஆகவே ஒருவருக்கு ஆண்டில் ஒருமுறை கிட்டும் விடுமுறையாக இருப்பது, மற்றவருக்கு ஆண்டு முழுவதற்குமான பிழைப்பாக இருக்கின்றது. இருவரும் ஒரே பள்ளத்தாக்கில் வந்து சேருமிடத்தே சிக்கல் தொடங்குகின்றது.

இச்சிக்கலைச் சட்டம் தீர்த்துவைக்கவில்லையா என்று கேட்கலாம். அலாஸ்கா 1959ஆம் ஆண்டு மாநிலமாயிற்று. அதற்கு முன்னரே, 1956இல் மக்கள் ஏற்றுக்கொண்ட அதன் அரசியலமைப்பு, இயற்கை நிலையிலுள்ள மீனும் விலங்கும் நீரும் மக்கள் அனைவரின் பொதுப்பயனுக்கு உரியன என விதித்தது. எனினும் 1970களில், குறிப்பிட்ட ஒரு பகுதியில் குறிப்பிட்ட வழிகாட்டி மாத்திரமே தொழில் புரியலாம் என்னும் தனியுரிமை முறை அங்கு நடைமுறைக்கு வந்தது. ஓசிசெக் என்னும் வழிகாட்டி இதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். 1988ஆம் ஆண்டில் அலாஸ்கா உயர்நீதிமன்றம், இத்தனியுரிமை பொதுப்பயன் விதிக்கு முரணானது எனத் தீர்த்து அதனை நீக்கியது.

தீர்ப்பு நீதியானதே. ஆனால் அதன் விளைவு இருமுகப்பட்டது. தனியுரிமை இருந்த காலத்தில், ஒரு மலையிலுள்ள முதிர்ந்த கடாக்களை எல்லாம் ஓராண்டிலேயே வீழ்த்திவிட்டால் அடுத்த ஆண்டு தமக்கே நட்டம் என்பதை வழிகாட்டி அறிந்திருந்தார். தனியுரிமை நீங்கிய பின்னர், தாம் விட்டுவைப்பதைப் பிறர் கொண்டுபோவர் என்னும் எண்ணம் புகுந்தது. இன்று ஒரு வழிகாட்டி மூன்று பகுதிகளுக்கு மேற் பதிவுசெய்ய முடியாது. ஆனால் மாநில அரசின் நிலத்தில், ஒரே பகுதிக்கு எத்தனை வழிகாட்டிகளும் பதிவுசெய்யலாம். மத்திய அரசின் வனவிலங்குப் புகலிடங்களிலோ, போட்டி முறையில் தெரிவு செய்யப்பட்ட சிலருக்கே அனுமதி உண்டு. அங்கும் தனிவேட்டைக்காரருக்குத் தடையில்லை. அண்டை நாடான கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில், வழிகாட்டிகளுக்குத் தனித்தனி எல்லை இன்றும் உண்டு. எனினும் அவ்வெல்லை மற்ற வழிகாட்டிகளைத் தடுக்குமேயன்றி, அம்மாகாணத்துக் குடிமக்களைத் தடுக்காது. ஆகவே எம்முறையிலும் தனிவேட்டைக்காரரும் வழிகாட்டியும் சந்தித்தே தீரவேண்டியவராகின்றனர்.

சட்டத்தின் எல்லையை விளக்கும் பழைய வழக்கொன்று உண்டு. நியூயோர்க் மாநிலத்தில், போஸ்ட் என்பவர் வேட்டைநாய்களுடன் நரியொன்றைத் துரத்திச் சென்றார். பியர்சன் என்பவர் அதனைக் கண்டும், இடையிற் புகுந்து நரியைக் கொன்று எடுத்துச் சென்றார். துரத்தியதனால் மாத்திரம் காட்டுவிலங்கு ஒருவருக்கு உடைமையாகாது என 1805ஆம் ஆண்டில் நீதிமன்றம் பியர்சனுக்குச் சார்பாகத் தீர்த்தது. மாறுபட்ட கருத்துக் கொண்ட லிவிங்ஸ்டன் என்னும் நீதிபதி, இத்தகைய பிணக்கை வேட்டைக்காரரின் நடுவர் தீர்ப்புக்கே விட்டிருக்க வேண்டும் எனக் கருதினார். அவர் கருத்து அன்று சட்டமாகவில்லை. ஆயினும் காட்டிலே நாள்தோறும் நடைமுறையில் இருப்பது அவர் கருத்தே. அலாஸ்காவில் பிறருடைய முறையான வேட்டையை வேண்டுமென்றே குலைப்பது குற்றம். ஆனால் வேட்டைக்காரர் தமக்குள் நிகழும் முறையான போட்டி அக்குற்றத்துள் அடங்காது. அதாவது, இருவரும் சட்டத்துக்கு உட்பட்டே நிற்குமிடத்தில் சட்டம் விலகிக்கொள்கின்றது. அங்கே எஞ்சியிருப்பது பண்பு ஒன்றே.

அப்பண்பின் முதல் விதி, முன்வந்தவருக்கு மதிப்பளித்தல். பொதுக்கிணற்றில் முன்வந்தவர் முதலில் நீர் அள்ளுவது எழுதாத ஒழுங்கு. அது போன்றதே இதுவும். விமானத்திலிருந்து நோக்கும்போது ஒரு பள்ளத்தாக்கின் தலைப்பில் கூடாரம் தெரியுமானால், நல்ல வேட்டைக்காரர் அடுத்த பள்ளத்தாக்கை நாடுவார். இதற்காகவே, புறப்படுமுன் இரண்டாவது இடமொன்றையும் மூன்றாவது இடமொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்வது அறிவுடையோர் வழக்கம். வழிகாட்டியின் வாடி ஆண்டுதோறும் ஓரிடத்தில் அமைவதாயின், அதனருகே கூடாரமடிப்பது சட்டப்படி தவறன்றாயினும் முறையன்று. அவ்வாறே, வாடிக்கான அனுமதிப்பத்திரம் தமக்குச் சூழவுள்ள மலைமுழுவதையும் தந்துவிட்டதாக வழிகாட்டி பேசுவதும் முறையன்று. அப்பத்திரம் காப்பது வாடியையும் அதிலுள்ள பொருள்களையுமே.

இரண்டாவது, இறங்குதுறை பற்றியது. கூழாங்கற் படுகையில் விமானம் இறங்கக்கூடிய இடம் சில நூறு அடி நீளமே இருக்கும். பல கல் தூரத்துக்கு வேறிடம் கிடையாமலும் போகலாம். அதன்மீது கூடாரம் அடித்தலும், பொதிகளைக் குவித்தலும், வெட்டிய விலங்கின் குடலை எறிந்துவிட்டுப் போதலும் பெருந்தவறுகள். குடல் கிடக்குமிடத்தைக் கரடி தேடி வரும். அடுத்து வந்திறங்குபவர் அதனை அறியாது அங்கே துயில நேரிடலாம்.

மூன்றாவது, விமானத்தைப் பயன்படுத்தும் முறை. விமானத்திற் பறந்து வந்தவர், பெரும்பாலான பெருவிலங்குகளை அன்றைய தினமே சுடலாகாது. மறுநாள் அதிகாலை மூன்று மணிவரை பொறுத்திருத்தல் வேண்டும் என்பது சட்டம். ஆயினும் மலைமுகடுகளைத் தாழப் பறந்து சுற்றி ஆடு தேடுவோரால், மூன்று நாள் நடந்து மலையேறியவரின் முயற்சி ஒரு நொடியிற் பாழாவதுண்டு. இது பற்றிய மனக்குறைகளுக்கிடையே, 2015ஆம் ஆண்டில் அம்மாநில வேட்டைச் சபை, ஆகஸ்ட் 10 முதல் செப்தெம்பர் 20 வரையுள்ள ஆட்டு வேட்டைப் பருவத்தில், வேட்டைக்காக ஆடுகளை விமானத்திலிருந்து தேடுவதைத் தடைசெய்தது. பண்பு தானாகக் காக்கத் தவறியதைச் சட்டம் வந்து காக்கவேண்டியதாயிற்று என்பதற்கு இதுவே சான்று.

நான்காவது, ஒருவர் பதுங்கி அணுகிக்கொண்டிருக்கும் விலங்கை மற்றவர் சுடாதிருத்தல். இங்கே பியர்சனும் போஸ்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றனர். டால் ஆட்டு வேட்டையில், கொம்பு ஒரு முழுச்சுற்று வளைந்ததாகவோ, இரு கொம்பும் முனை முறிந்ததாகவோ, வயது எட்டேனும் நிரம்பியதாகவோ உள்ள கடாவையே பெரும்பாலான பகுதிகளிற் சுடலாம். இதனை உறுதி செய்வதற்குத் தொலைநோக்கியுடன் மணிக்கணக்காகக் காத்திருக்க நேரிடும். அவ்வாறு ஒருவர் காத்திருக்கும்போது, மற்றொருவர் எதிர்ச்சரிவில் ஏறி அதே கடாவைச் சுட்டுவிட்டால் குற்றம் இல்லை. ஆனால் நட்பும் இல்லை. இதில் உயிராபத்தும் உண்டு. கடாவையே நோக்கும் கண், அதன் பின்னே பாறையோடு பாறையாகக் கிடக்கும் மனிதனைக் காணாது. துவக்கின் சன்னம் முகட்டைத் தாண்டியும் நெடுந்தூரம் செல்லும். எனவே பிறர் அணுகுவதைக் கண்டவர், தம்மை வெளிப்படையாகக் காட்டிவிட்டு ஒதுங்கியிருப்பது கண்ணோட்டம் மாத்திரமன்று, காப்பும் ஆகும்.

ஐந்தாவது, இறைச்சி பற்றியது. முதிர்ந்த மூஸ் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 500 இறாத்தல் இறைச்சி கிடைக்கும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விடுவது அலாஸ்காவிற் கடுங்குற்றம். ஆகவே விலங்கு வீழ்ந்த பின்னரே வேட்டைக்காரரின் உண்மையான உழைப்பு தொடங்குகின்றது. மழை பிடித்து இறைச்சி கெடும் நிலையில், தனியொருவராகத் திண்டாடுபவருக்கு வழிகாட்டியின் ஆட்கள் தோள்கொடுப்பதும், வழிகாட்டியின் பொதியைத் தனிவேட்டைக்காரர் தம் படகில் ஏற்றி இறக்கிவிடுவதும் அம்மலைநாட்டில் உயர்வாகப் பேசப்படும் செயல்கள். கரடி வந்து இறைச்சியைக் கைப்பற்றிக்கொண்டால், அச்செய்தியை அயற் கூடாரத்தாருக்கு அறிவிப்பது முதற்கடமை.

ஆறாவது, நிலத்தின் உரிமையை அறிந்து செல்லுதல். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அலாஸ்காவின் பழங்குடி மக்களுடைய கூட்டுநிறுவனங்களுக்கு ஏறக்குறைய 4 கோடியே 40 இலட்சம் ஏக்கர் நிலம் உரித்தாக்கப்பட்டது. வேலி இல்லையாயினும் அது தனியார் நிலம். விலங்கு பொதுவாயினும், அந்நிலத்தில் அடிவைக்க அனுமதி வேண்டும். வழிகாட்டியும் தனிவேட்டைக்காரரும் தமக்குள் வழக்காடிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்வோரை மறந்துவிடுவது இரு சாராருக்கும் பொதுவான குறையாகும்.

இவ்விதிகள் யாவும் ஒரு செயலில் அடங்கும், அது பேசுதல். வழியில் எதிர்ப்பட்டால், துவக்கின் வாயை நிலத்தை நோக்கித் திருப்பி, கூடாரம் எங்கேயுள்ளது, எத்தனை நாள் தங்குவது, நாளை எத்திசை செல்வது என்பனவற்றைக் கேட்டும் சொல்லியும் கொள்ளவேண்டும். நாளை வழிகாட்டி கிழக்குக் கிளையாற்றை மேற்கொள்வாராயின், தனிவேட்டைக்காரர் மேற்குக் கிளையாற்றை மேற்கொள்ளலாம். பருவம் தொடங்குமுன்னரே, தாம் செல்லக் கருதும் பகுதிக்கு எந்த வழிகாட்டி பதிந்துள்ளார் என விசாரித்து, அவருக்கு ஒருவரி எழுதுவோரும் உளர். வாடிக்கைக்காரர் செலுத்திய 20,000 டொலர் வழிகாட்டியின் உழைப்புக்கு விலையேயன்றி மலைக்கு விலையன்று என்பதை வழிகாட்டி உணரவேண்டும். அவ்வழிகாட்டி பல்லாண்டு நடந்து கற்ற வழித்தடத்தைப் பின்தொடர்ந்து, அவர் கண்டுவைத்த விலங்கைக் கொள்வது உரிமையன்று, பிறர் உழைப்பில் வாழ்தலே என்பதைத் தனிவேட்டைக்காரர் உணரவேண்டும்.

இவ்வுணர்வு தவறுமிடத்து நேர்வது என்ன? இருவரும் ஒரே கடாவுக்காக முந்துவர். முந்தும் அவசரத்தில் கொம்பின் வளைவை எண்ணிப்பார்க்க நேரமிராது. இளங்கடா வீழும், மந்தை மெலியும். பின்னர் வேட்டைச் சபை கூடி, நாட்களைக் குறைத்து, அனுமதியைச் சுருக்கி, சில பகுதிகளை மூடிவிடவும் நேரும். அன்று தனிவேட்டைக்காரர் தம் குளிர்காலத்து இறைச்சியை இழப்பார். வழிகாட்டி தம் பிழைப்பை இழப்பார்.

கடும்பனி வீழும் மாலையில், மேலே உள்ள கூடாரத்தார் குறித்த நாளில் இறங்கி வரவில்லையென்றால், அவரைத் தேடிச் செல்லக்கூடிய மனிதர் கீழே உள்ள கூடாரத்தார் ஒருவரே. செய்மதித் தொலைபேசி கையில் இருப்பினும், மூடுபனியில் விமானம் வரமாட்டாது. காலையிற் போட்டியாளராக நின்றவர் மாலையில் உயிர்காக்கும் துணைவராக வேண்டியிருக்கும். அதனை அறிந்தவர்களே, முதல் நாள் சந்திப்பில் ஒரு கோப்பைத் தேநீரை நீட்டி, தாம் செல்லும் திசையைச் சொல்லிவிடுகின்றனர்.