குட்டைக்குள் விரால் புகுந்துவிட்டதா? தூண்டிலைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஆனைமலை பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் 10 சென்ட் பரப்பில் ஒரு பண்ணைக்குட்டை. வாய்க்கால் தண்ணீரைத் தேக்கிவைத்துச் சொட்டுநீருக்கு எடுக்கிறார்கள். தண்ணீர் நிற்கிற காலத்தில் மீனும் வளரட்டுமே என்று கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் சேர்த்து 400 குஞ்சுகளை விட்டிருந்தார் தோப்புக்காரர். எட்டு மாதம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டு வளர்த்தார். வலை இழுத்த அன்று நானும் கரையில் நின்றிருந்தேன். ஏறிய மீன் எழுபதைத் தாண்டவில்லை. "மிச்சத்தை ஆருங்க சார் தின்னது?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், ஆகாயத்தாமரை ஓரத்தில் 'புளக்' என்று ஒரு சத்தம். வட்டம் ஒன்று விரிந்து அடங்கியது. விரால் மூச்சு வாங்க மேலே வந்து போயிருக்கிறது.

விரால் வாய்க்கால் தண்ணீரோடு குஞ்சாக வரும். மழை நாளில் ஈரத் தரையில் நெளிந்தும் வரும். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் சேறும் சகதியும் அதற்குத் தடையில்லை. வலை இழுத்தால் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும், அல்லது வலைக்கு மேலே தாவிவிடும். குட்டையை வடித்துவிட்டுப் பிடிக்கலாம். ஆனால், கோடையில் தென்னைக்கு வைத்திருக்கும் தண்ணீரை யார் வடிப்பார்கள்? இலுப்பைப் புண்ணாக்குப் போடுவது குஞ்சு விடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. எக்டருக்கு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு, 2,500 கிலோ என்பது கணக்கு. 10 சென்ட் குட்டைக்கு 100 கிலோ ஆகிறது. வளர்ப்பு மீன் உள்ளே இருக்கும்போது அதைப் போட்டால் எல்லா மீனும் சேர்ந்து செத்து மிதக்கும். பூச்சிமருந்தைக் கலக்கும் வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது.

மிஞ்சுவது தூண்டில். இதில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பயிர் படித்தவன், மீன் படித்தவனல்ல. முதல் நாள் மாலை கெண்டை பிடிக்கும் மூங்கில் தூண்டிலோடும் மண்புழுவோடும் போய் உட்கார்ந்தேன். ஒரு விரால் எடுத்தது, நரம்பு அறுந்தது, முள்ளும் போனது. மறுநாள் தோப்புக்காரரின் அக்கா மகன், கல்லூரி மாணவர், பையிலிருந்து ஒரு ரப்பர் தவளையை எடுத்தார். இருட்டுவதற்குள் இரண்டு விரால் கரையேறின. அவருடைய சாமான்களை வாங்கிப் பார்த்த பிறகுதான், எந்த மீனுக்கு எந்தத் தூண்டில் என்பதில் இத்தனை விஷயம் இருப்பது எனக்குப் புரிந்தது.

இந்த ரப்பர் தவளை அமெரிக்காவில் 'பாஸ்' என்ற மீனைப் பிடிக்கப் பெயர்பெற்ற சாமான். அந்த மீன் நம் குட்டைகளில் இல்லை. ஆனால், அதுவும் விராலைப் போலவே பாசிக்கடியில் பதுங்கி, மேலே போவதைப் பாய்ந்து கவ்வும் வேட்டை மீன். அதனால் அதற்காகச் செய்த இரை இதற்கும் பொருந்துகிறது. நம் ஊர்க் குளத்துத் தூண்டிலும் புதிய விஷயமல்ல. மதராஸ் மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887-லேயே இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார்.

பாசியும் ஆகாயத்தாமரையும் படர்ந்த குட்டை என்றால் உள்ளே கூடாக இருக்கும் ரப்பர் தவளையைத்தான் வாங்க வேண்டும். இதன் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். பாசியில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கவ்வும்போது உடல் அமுங்கி முட்கள் வெளியே தெரியும். கடையில் வாங்கும்போதே கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். எளிதில் அமுங்காத கெட்டி ரப்பர் என்றால் வேண்டாம். விரால் கவ்வும், ஆனால் முள் ஏறாது. விலை மலிவாக இருக்கிறதே என்று நான் வாங்கிய முதல் தவளை இந்த ரகம்தான். பின்னால் தொங்கும் ரப்பர் இழைகள் மிக நீளமாக இருந்தால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். பாதியாக நறுக்கிவிடலாம். வயிற்றுக்குள் தண்ணீர் புகுந்தால் தவளை மூழ்கும். அவ்வப்போது பிழிந்துவிட வேண்டும்.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் வெளிச்சத்தில் நிழல் உருவம்தான் தெரியும். கலங்கல் தண்ணீரில் கறுப்புத் தவளை நன்றாக எடுபடுகிறது. பாசி இல்லாத திறந்த தண்ணீராக இருந்தால், சுழலும் தகடு வைத்த இரை போதும். அந்தத் தகட்டின் மினுக்கும் அதிர்வும் மீனை இழுக்கும். அதே தகட்டைப் பாசிக்குள் வீசினால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கைப்பிடி பாசிதான் வரும்.

உயிருள்ள தவளையை முள்ளில் குத்துகிறவர்கள் உண்டு. பயிர்க்காரனாக எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. வயலில் பூச்சியைத் தின்பது தவளை. தவளைக்கால் ஏற்றுமதியை 1987-லேயே நம் நாடு நிறுத்திவிட்டது. இயற்கை இரைதான் வேண்டும் என்றால், குட்டையில் வேண்டாமல் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் குஞ்சைப் பயன்படுத்துங்கள். ஜிலேபியும் குறையும்.

அடுத்தது முள். இதன் எண் பலரையும் குழப்பும். 10-ஆம் எண் முள் 6-ஆம் எண்ணைவிடச் சிறியது. எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-ஐத் தாண்டினால் 1/0, 2/0, 3/0 என்று மறுபடி ஏறுமுகம், முள்ளும் மேலும் பெரிதாகும். ஜிலேபிக்கு 8 முதல் 12 வரை உள்ள எண்கள் சரி. விராலுக்கு இரை குத்தும் ஒற்றை முள் 1/0 முதல் 3/0 வரை இருக்கலாம். முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மொட்டை, நகத்தில் பிடித்தால் கூர்மை. முள்ளின் உள்பக்கம் எதிராக நிற்கும் சின்ன நாக்கைக் குறடால் அழுத்திவிடுவது நல்லது. மீன் தப்பிவிடாதா என்று கேட்பீர்கள். நரம்பைத் தொய்யவிடாமல் இழுத்தால் தப்பாது. விரால் உயிரோடு விற்கும் மீன். ரோகு, கட்லாவைவிட நல்ல விலை. வாய் கிழியாமல் முள்ளைக் கழற்றினால் ஈரமான பாத்திரத்தில் மறுநாள் சந்தை வரை உயிரோடு இருக்கும். நம் விரலில் குத்தினாலும் கழற்றுவது எளிது.

நான் தோற்றது நரம்பில்தான். ஜிலேபிக்கு 0.20 மி.மீ. தங்கூஸ் நரம்பு போதும். அதில் விரால் மாட்டினால் பாசிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி அறுத்துக்கொள்ளும். விராலுக்கு 0.40 மி.மீ. வேண்டும், அல்லது பல இழைகளைப் பின்னிய நரம்பு. நைலான் நரம்பு இழுத்தால் நீளும். பின்னல் நரம்பு நீளாது, பாசியை அறுத்துக்கொண்டு வரும். ஆனால், அதை வெறுங்கையில் சுற்றிப் பிடித்து இழுக்கக் கூடாது, விரலையும் அறுக்கும். முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனையுங்கள். காய்ந்த நிலையில் இறுக்கினால் சூட்டில் நைலான் பலம் இழக்கும். மோட்டார் ரூம் கூரையில் வெயில்படக் கிடந்த பழைய நரம்பை நம்பாதீர்கள்.

கோல் ஆறு, ஏழடி போதும். விராலைப் பாசியிலிருந்து உடனே இழுக்க விறைப்பான கோல் வேண்டும். கார்பன் கோல் எடை குறைவுதான், ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். நம் குட்டைகள் பலவற்றுக்கு மேலே கரண்ட் கம்பி போகிறது. கம்பி இருக்கும் பக்கம் எந்தக் கோலையும் தூக்கி வீசக் கூடாது.

காலை வெயில் ஏறுமுன்னும் பொழுது சாயும்போதும் போங்கள். சத்தம் கேட்ட இடத்தின் மேலேயே போடாமல், சற்றுத் தள்ளி வீசி அந்த வழியாக மெதுவாக இழுத்து வாருங்கள். பாசி விலகும் இடைவெளியில் நிறுத்துங்கள். தண்ணீர் சிதறியதும் கை தானாக வெட்டி இழுக்கும். அங்கேதான் எல்லோரும் கோட்டைவிடுகிறோம். "ரெண்டு எண்ணிட்டு இழுங்க சார்" என்றார் அந்த இளைஞர். தவளை முழுதும் வாய்க்குள் போக அவ்வளவு நேரம் வேண்டும்.

மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்றாகத் திரிவதைப் பார்த்தால் அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும் என்று பொருள். பொதுக்குளத்திலும் ஆற்றிலும் அவற்றை விட்டுவிடுங்கள், பெற்றோர் போனால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரை. உங்கள் வளர்ப்புக் குட்டையில் மட்டும் கைவலையால் குஞ்சுகளையும் அள்ளித் தனித் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். ஆழியாறு போன்ற அணைகளில் மீன்வளத் துறையின் அனுமதி இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. புலிகள் காப்பகத்துக்குள் பேச்சுக்கே இடமில்லை.

தூண்டிலால் கடைசி விரால் வரை பிடித்துவிட முடியாது. அதனால் அடுத்த முறை குஞ்சைப் பெரிதாக விடுங்கள். ஆழியாறு அணையில் 1964-65-இல் எக்டருக்கு 2 கிலோகூட எட்டாத மீன் விளைச்சல் 1990-இல் 194 கிலோவானது. குஞ்சுகளைப் பெரிதாக வளர்த்து, அளவாக விட்டதும், ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டைகளைப் பிடிக்கத் தடை போட்டதும் அங்கு செய்த மாற்றங்களில் முக்கியமானவை. குட்டைக்கும் 10 செ.மீ.க்கு மேற்பட்ட குஞ்சையே கேட்டு வாங்குங்கள். தண்ணீர் நுழையும் மடையில் சிறுகண் வலை கட்டுங்கள். கரையைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வலை நிறுத்தினால் மழைநாளில் நெளிந்து வருவதும் நிற்கும்.

குட்டைக்குப் போகும்போது முட்களை எண்ணி எடுத்துப் போய், திரும்பும்போது எண்ணி எடுத்து வாருங்கள். ஒன்று குறைந்தாலும் கரைப்புல்லில் தேடிவிட்டே கிளம்ப வேண்டும். அந்தப் புல்லை நாளை மாடு மேயும், தேங்காய் பறிக்க வருகிறவர் அங்கே வெறுங்காலோடு நடப்பார். அறுந்த நரம்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கொக்கின் காலில் சுற்றினால் கழற்றிவிட ஆள் கிடையாது.